நாப்பொருத்தம்

முகூர்த்த மாதம் என்றால் திருச்சிப் பொருத்தகத்தில் காலையிலேயே கூட்டம் நெரியும். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, வெறும் வயிறு. பல்கூட விளக்காமல் வர வேண்டும் என்பது விதி. அதனால் கூடம் முழுக்க மல்லிகையோடு வாய்நாற்றமும் கலந்து வீசும். எனக்கு எதிரே நான் கட்டிக்கொள்ளப்போகும் அதியன், அவன் பக்கத்தில் அவன் அம்மா வச்சலா. என் பக்கத்தில் அப்பா கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஜாதகத்தை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய அரசு, அதன் இடத்தில் இந்தக் கண்றாவியைக் கொண்டுவந்து வைத்தது. மணமக்களின் நாக்கில் நாப்பதிவி என்ற மெல்லிய தகட்டை ஒட்டுவார்கள். இருவருக்கும் ஒரே உணவு, ஒரே பானம். இரண்டு நாக்கும் ஒன்றுபோல உணர்ந்தால் திருமணத்தைப் பதிவு செய்யலாம். உணராவிட்டால் அந்த ஜோடிக்கு வாழ்நாள் முழுக்கக் கதவு சாத்தியாயிற்று.

உணவு, கறுப்புச் சாக்லேட் குழம்பில் வெந்த ஆட்டுக்கறி. பானம், இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின். சாக்லேட்டை விட இனிப்பான ஒயினாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போய்விடும், எல்லோருக்கும் பிடித்துவிடும். பிறகு எதைச் சோதிப்பது? கசப்பும் துவர்ப்பும் வாய்க்குள் முட்டிக்கொள்ளும்போதுதான் நாக்கு உண்மை பேசும் என்று எந்த மேதாவியோ கண்டுபிடித்திருக்கிறான். அவன் வாயில் புழு விழ.

எனக்குப் பயமில்லை. போன மாதம் நானும் அதியனும் தில்லைநகர்க் கடை ஒன்றில் இதே கலவையை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிப்போய்ச் சாக்கடையில் குனிந்து நின்றோம். வாயைத் துடைத்துக்கொண்டு அவன்தான் சிரித்தான். “ரெண்டு பேருக்கும் ஒரே குமட்டல். நாம பாஸுடி!” கல்லூரியில் தொடங்கிய காதல் எங்களுடையது. அன்றைக்குத்தான் அவனை அதிகமாகப் பிடித்தது.

பொருத்த அலுவலர் ஸ்டெல்லா எங்கள் நாக்கில் நாப்பதிவியை ஒட்டிவிட்டுத் தட்டுகளை வைத்தார். “கறிய மெல்லுங்க. முழுங்காம ஒயினக் குடிங்க. ரெண்டையும் சேத்து முழுங்கணும்.”

மென்றேன். ஆட்டுக்கொழுப்பில் சாக்லேட் திரண்டு மேலண்ணத்தில் சேறாக அப்பிக்கொண்டது. ஒயின் பட்டதும் வாய்க்குள் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருந்தது. முழுங்க முடியவில்லை. தட்டிலேயே துப்பினேன். துப்பிவிட்டுச் சந்தோஷமாகத்தான் நிமிர்ந்தேன், அவனும் துப்பியிருப்பான் என்று.

அதியன் கண்ணை மூடி ருசித்துக்கொண்டிருந்தான்.

“அதியா, நடிக்காத. மெஷினுக்குத் தெரிஞ்சிரும்.”

“நடிக்கலடி. நல்லாருக்கு. நிஜமாவே நல்லாருக்கு.” சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான்.

மேசை விளக்கு சிவப்பானது.

வச்சலா எழுந்துவிட்டார். “மெஷின் தப்பு மேடம்! எம் பையனுக்குப் பிடிச்சிருக்கே! போன வாரந்தானே ஆஸ்பத்திரில நாக்குக்குச் சுவைத்திருத்தம் பண்ணிக் கூட்டியாந்தேன், இந்தக் கறியும் ஒயினும் ருசிக்கணும்னு!”

“பிடிக்கணும்னு யாரும்மா சொன்னது?” என்றார் ஸ்டெல்லா. “ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான். மாசத்துக்குப் பத்து பேரு இப்படி வந்து அழுவுறீங்க.”

நான் அதியனிடம் கேட்டேன். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பொண்ணு வீட்ல கண்டிப்பா திருத்தியிருப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க. நீயும் பண்ணிட்டுத்தான் வருவேன்னு நெனச்சேன்.”

“நாக்கப் பழையபடி மாத்திரலாமா மேடம்?” என்றார் அப்பா.

“புது நரம்பு சார். வளந்தது வளந்ததுதான்.”

என் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். சாக்கடை ஓரம் என்னோடு குனிந்து நின்றவன் இவன் இல்லை. அவன் நாக்கை ஒருத்தி கிள்ளி எறிந்திருக்கிறாள், இவனும் நீட்டிக்கொடுத்திருக்கிறான்.

எழுந்தேன். அதியன் என் கையைப் பிடிக்க வந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேசையைத் தாண்டி நீண்ட அந்தக் கை பாதியில் நின்றது. பிறகு, நான் துப்பியதை ஒட்டிக் கிடந்த கறித்துண்டு ஒன்றை என் தட்டிலிருந்து எடுத்து அவன் வாயில் போட்டது.

“மன்னிச்சிருடி” என்றான், மென்றுகொண்டே.