உறையில்லாத விரல்

படத்தில் இருந்த விரலுக்குக் கையுறை இல்லை.

பார்த்து இரண்டு நிமிடம் ஆகியும், அந்தப் படத்தில் எது தன்னை உறுத்துகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பற்கள். பக்கத்தில் அவளே பிடித்த நிற மாதிரி. இடது வாயோரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு விரல். பல் ஆஸ்பத்திரிப் படம் என்றால் விரல் இருக்கத்தான் செய்யும். உதட்டை யாராவது ஒதுக்கிப் பிடித்தால்தான் உள்ளே வெளிச்சம் போகும். ஆறு வருடமாக இப்படிப் பார்த்துப் பார்த்து, விரலைக் கண்ணில் வாங்காமலே பல்லை மட்டும் பார்க்கப் பழகியிருந்தாள். ஆனால் அந்த விரல்கள் நீல உறைக்குள் இருக்கும். இது வெறும் விரல். வெளுத்து, ஊறிப்போய், நகத்தோடு.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நிறம் பொருத்துவது அவள் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளியின் பல்லருகே நிற மாதிரியைப் பிடித்துத் தன் போனில் படமெடுத்து வருவாள். அதைப் பார்த்துத்தான் புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவார்கள். போன மாதம் மூன்று பற்கள் திரும்பி வந்தன. மூன்றும் வாய்க்குள் விளக்குப் போட்டதுபோல் வெள்ளை.

"நாம பல்லு செய்றோமா, பீங்கான் கோப்பை செய்றோமா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்.

குற்றம் அவள் கண்ணில் இல்லை, போனில். எந்தப் பல்லையும் வெளுத்துக் காட்டு என்று அதைச் செய்த கம்பெனி முடிவு செய்திருந்தது. நிறுத்த வழியே வைக்கவில்லை. அவள் போன், அவள் மேஜை, அவள் வேலை. முடிவு மட்டும் யாரோ செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் தூங்கிய மதிய நேரத்தில், இணையத்தில் படித்த குறிப்புகளின்படி போனைக் கணினியோடு இணைத்துக் கம்பெனியின் பூட்டைத் திறந்தாள். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தது. பழைய படங்களை ஏற்கனவே வேறிடத்தில் சேர்த்து வைத்திருந்தாள். போன் மறுபடி உயிர்பெற்றபோது கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்துகள் வந்தன: 'பாதுகாப்பு நீக்கப்பட்டது. இனி இதில் நீங்கள் காண்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல.'

கேமராவுக்குள் அதுவரை கண்ணில் படாத ஒரு பட்டியல் இருந்தது. தோல் மென்மை. பல் வெண்மை. கண் பளபளப்பு. வாயோர நீக்கம். கடைசியாக இருந்தது மட்டும் என்னவென்று புரியவில்லை. எச்சில், சோற்றுப் பருக்கை ஏதாவது ஒட்டியிருந்தால் அழிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்தாள்.

இன்று காலை எடுத்தவைதான் இந்தப் படங்கள்.

கூடத்தில் அரைக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. சூடான பிசினின் வாடை, காற்றாடி வெளியே தள்ளப் பார்த்தும் போகாமல், தொண்டையில் இனிப்பாகப் படிந்தது. சுவர்த் தட்டுகளில் பிளாஸ்டர் தாடைகள் வரிசை வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன.

ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் செய்தாள்.

"காலையில அந்தப் பெரியவருக்கு உதட்டை யாரும்மா பிடிச்சது?"

"யாரும் பிடிக்கலையே அக்கா. நீங்க சிரிங்கன்னு சொன்னீங்க, அவர் சிரிச்சாரு, எடுத்தீங்க."

"நீ பிடிக்கலையா?"

"நான் விளக்குக்கிட்ட இல்ல நின்னேன். ஏன்க்கா, படம் ஆடிடுச்சா?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

அவளுடைய ஒரு கையில் போன், மறு கையில் நிற மாதிரி. மூன்றாவது கை யாருக்கு?

காலையில் நான்கு பேர். மூன்று பேர் சிரித்திருந்தார்கள். மூன்று படத்திலும் விரல். நான்காவது பெண் வலியில் உதட்டை லேசாக மட்டும் பிரித்திருந்தாள். அதில் ஒன்றுமில்லை.

அச்சு வார்ப்பவர் மாவுக் கையோடு எழுந்து நெட்டி முறித்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் பிளாஸ்டர் அண்ணன்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்களேன்."

"எதுக்கும்மா? எனக்குப் பொண்ணு பார்க்கப் போறியா? வீட்ல இருக்கிற ஒருத்திக்கே பதில் சொல்ல முடியல." தன் நகைச்சுவைக்குத் தானே வாய்விட்டுச் சிரித்தார்.

எடுத்தாள்.

"எங்க, காட்டு. கதாநாயகன் மாதிரி இருக்கேனா?"

"சரியா விழலண்ணே."

"என் மூஞ்சி என்னைக்குச் சரியா விழுந்திருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவர் தொட்டிப் பக்கம் போனார்.

இரண்டு வாயோரத்திலும் விரல். பக்கத்துக்கு ஒன்று. திரைச்சீலையை விலக்குவதுபோல் அவர் சிரிப்பை விலக்கிப் பிடித்திருந்தன. அவள் திரையில் இரண்டு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். வெளியிலிருந்து உதட்டைப் பிடிப்பவரின் நகம் வாய்க்குள் போயிருக்கும். கையும் விரல் கணுவும் வெளியே தெரியும். இங்கே நகம் கன்னத்தின் மேல் படிந்திருந்தது. கணு வாய்க்குள். கை இருந்தால், அது அதற்கும் உள்ளே.

யாரும் வெளியே நின்று பிடிக்கவில்லை.

கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அந்த இடத்தில் இருப்பதை மூளை, நம்மைக் கேட்காமலே, சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடும். அன்று அது தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் கேள்வி. மூளை எதை எதையெல்லாம் நிரப்பி மறைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அதை அழிக்க ஒரு பெயரும் வைத்து, பூட்டியிருக்கிறார்.

நாக்கால் தன் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது.

பிறகு மகள் ஞாபகம் வந்தது. ஏழு வயது. வாயைத் திறந்தால் சிரிப்பு. சேர்த்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் சிரிக்காத படம் ஒன்றுகூட இல்லை. அவையெல்லாம் பூட்டு இருந்தபோது எடுத்தவை. அவற்றை நம்பிப் பயனில்லை. மகளுக்கும் இருக்கிறதா? ஒரே ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் இல்லை என்று நினைத்துக்கொண்டே இருந்துவிடலாம்.

வழக்கம்போல மூன்றரைக்குக் கிளம்பினாள். போனைக் கைப்பையின் அடியில் திணித்திருந்தாள். மறுபடி பூட்டினால் படங்கள்தான் போகும், விரல்கள் போகாது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பழக்கடைக்காரர் பல் தெரியக் கூப்பிட்டார். அவள் தரையைப் பார்த்து நடந்தாள். சிரிக்கிற எல்லாரும் வாயைத் திறந்துவிடுகிறார்கள் என்று தோன்றியது. திறக்கப்படுகிறார்கள் என்றும்.

நான்கு மணிக்குப் பள்ளி வேன் வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருபது குழந்தைகள், ஒரே கும்மாளம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா! பல்லு விழுந்துடுச்சு! கணக்கு மிஸ் வகுப்புல!" மகள் குதித்து இறங்கினாள். "போட்டோ எடும்மா!"

"வீட்டுக்குப் போகலாம், கண்ணு."

"அப்பாவுக்கு அனுப்பணும். எடும்மா."

"அப்புறம்."

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். குழாய் ஓசை. குளிர்பெட்டியின் முனகல். முன்னறையிலிருந்து கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மகள் சோபாவில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். திரையில் மகளின் முகம். பின்னால், வாசல் நிலையில், அவளுடைய வெளிறிய முகம்.

"குட்டி, அதைக் கீழ வை. சிரிக்காத."

"ஏன் சிரிக்கக் கூடாது?"

"சொன்னா கேளு. வாயை மூடு."

அம்மா இவ்வளவு கடுமையாகச் சொன்னதே மகளுக்கு வேடிக்கையாகிவிட்டது. உதட்டை இறுக்கினாள். கன்னம் உப்பியது. அடக்க முடியவில்லை. திரையில் வாயோரம் மெல்லப் பிரிந்தது. இடது பக்கம் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பிறகு வலது பக்கம்.

"அம்மா, இது யாரு கை?"

அவள் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். விளையாட்டு என்று நினைத்து மகள் உள்ளங்கைக்குள் இன்னும் சிரித்தாள். சூடான மூச்சு. எச்சில். சின்ன உதடுகள். போனைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. பத்து விரல்களும்.

உள்ளங்கையில் ஒரு நகம் பட்டது.

இன்னொன்று.

சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் கண்கள் அகன்று அம்மாவையே பார்த்தன. அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. அவளுடைய விரல் இடுக்குகளின் வழியாக ஒவ்வொன்றாக, ஈரமாக, வளர்ந்த ஆளின் விரல்கள் நான்கு வெளியே வந்து, சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல, அவள் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டன.