கண்ணாடியின் உட்பக்கம்

ஈரம் உள்ளே இருந்தது.

துடைத்துப் பார்த்த பிறகுதான் பிரவின்குமாருக்கு அது தெரிந்தது. ஒரு தேய்ப்பு, இன்னொரு தேய்ப்பு, போகவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடி வியர்ப்பது வழக்கம்தான். உள்ளே குளிர், வெளியே வைகாசி வெக்கை. வெளிப்பக்கம் ஈரம் கோத்து ஒழுகும். அரை மணிக்கு ஒருதரம் துணி போட்டால் தலைவர் முகம் பளிச்சென்று தெரியும். உட்பக்கம் கோத்தால் எங்கோ ரப்பர் விட்டிருக்கிறது என்று அர்த்தம். குனிந்து நான்கு பக்கமும் விரலை ஓட்டினான். ரப்பர் சரியாக இருந்தது.

அதுவும் முகத்துக்கு மேலே இல்லை. பாதங்களுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிறுத்தது. பிறகு பழையபடி பரவியது.

அறிவழகன் இறந்து அன்று மூன்றாவது நாள். நிலக்கரிச் சுரங்க, அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். மாரடைப்பு. வண்டி கான்ட்ராக்டர் ஒருவன் வேலையை விட்டு நிறுத்திய நாற்பது பேரைத் திரும்ப எடுக்கும்வரை தலைவரை அடக்கம் செய்வதில்லை என்று சங்கம் அறிவித்துவிட்டது. சங்கக் கட்டடத்தின் ஹாலில் பெட்டியை வைத்து, ஷிஃப்ட் முடிகிற நேரங்களில் ஜனங்களை வரிசையில் விட்டார்கள். கரி படிந்த சட்டையோடு வருவார்கள். முகத்தைப் பார்ப்பார்கள். கால்மாட்டில் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அங்கே ஒரு கணம் கூடுதலாக நிற்பார்கள், எதையோ மறந்துவிட்டவர்களைப் போல. அப்புறம் பஸ் பிடிக்கப் போவார்கள்.

பெட்டி குள்ளஞ்சாவடி நௌஷாத் கடையுடையது. பிரவின் அங்கே மெக்கானிக். பி.இ. படித்தவன், அதை இப்போது யாரும் கேட்பதில்லை. கடையில் இரண்டு பெட்டிகள். முதலாவது காடாம்புலியூர் போயிருந்தது.

"ரெண்டாம் நம்பர்தாம்பா இருக்கு. வேற ஆள அனுப்பட்டுமா?" என்று நௌஷாத் கேட்டார்.

"பரவாயில்ல பாய்."

ஒரு வருஷமாக அவன் அந்தப் பெட்டியோடு எங்கும் போனதில்லை. மூடியின் மூலையில் எம்-சீல் வைத்து அடைத்த விரிசல் அப்படியே இருந்தது.

அவன் மனைவி சங்கீதா அதில்தான் கிடந்தாள். துப்புரவு வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேனிலிருந்து விழுந்தவள். வழக்கு பதியும்வரை எடுக்க வேண்டாம் என்று சொன்னது அறிவழகன்தான். தோளில் கை வைத்து, "ஒருநாள் பொறுத்துக்க தம்பி. அவ போனது வீணாவக் கூடாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஒரு நாள் மூன்று நாளாயிற்று. மாமியார் சின்னம்மாள் ஒவ்வொரு காலையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய வூட்டுக்குக் கொண்டாந்துருப்பா, அவளுக்குக் குளிரு ஆவாது" என்றாள். ஒவ்வொரு காலையும் அவன் "நாளைக்கு" என்றான். யார் யாரோ வந்து அவளைப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் மூன்று மணி. வரிசை ஓய்ந்து ஹால் காலியாகியிருந்தது. வாடிய ரோஜா மாலை நாற்றமும், சாம்பிராணிப் புகையும், சுரங்கத்துப் பக்கமிருந்து வெக்கையோடு வரும் கரி வாசனையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்க, கம்ப்ரசர் உறுமுவதும் சற்று நேரம் அடங்குவதும் திரும்ப ஒரு குலுங்கலோடு எழுவதுமாக இருந்த அந்தச் சத்தம் மூன்று நாளில் அவன் உடம்புக்குள்ளேயே ஓடுவதுபோல் ஆகியிருந்தது.

தலைவரின் மனைவி அன்புக்கரசி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"சாப்டியா தம்பி?"

"ஆச்சிங்க."

"பொய் சொல்லாத. பொட்டலம் பிரிக்காம கெடக்குது." பெட்டியைப் பார்த்தாள். "இவுருக்கு ஏசியே ஆவாது. ஆபீசருங்களோட மீட்டிங்னா காதுல துண்டச் சுத்திகினு போவாரு. சிரிப்பாங்க. இப்பப் பாரு, ஊரே பொன்னாட கொண்டாருது. எல்லாம் கண்ணாடி மேல."

அவன் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான்.

"மூணு நாளா பூவும் பொட்டுமா உக்காந்துகினு இருக்கேன். எடுக்கவும் மாட்டேங்கறாங்க, அழவும் வுட மாட்டேங்கறாங்க. நான் இப்ப யாரு தம்பி? பொண்டாட்டியா, முண்டச்சியா?" குரல் இறங்கியது. "ஒரு சுவிச்சுதான? நீ மனசு வச்சா இன்னிக்கே வூட்டுக்குப் போவாரு."

ஒரு சுவிட்சுதான். நிறுத்தினால் நாற்பது பேரின் பிழைப்பு என்னவாகும் என்பது அவனுக்குத் தெரியும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்படி நிறுத்தாமல் அவன் ஒருமுறை இருந்திருக்கிறான்.

"நாளைக்கு" என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கினான். பார்வை கால்மாட்டுக்குப் போயிற்று. திட்டு பெரிதாகியிருந்தது. சிறுத்தது. பரவியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சங்கீதாவைக் கிடத்திய பந்தலில் வயர் எட்டவில்லை. பெட்டியைத் திருப்பிப் போட இடமில்லை. தலை தெற்கேதான் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, அவளை மாற்றிக் கிடத்தினார்கள். தலைவரின் பாதங்கள் இருக்கும் இடத்தில்தான் அவள் முகம் இருந்தது.

எழுந்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

கம்ப்ரசர் ஒருமுறை குலுங்கி நின்றது. அன்புக்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் கலியமூர்த்தி ஓடி வந்தார்.

"இன்னாய்யா சத்தத்தக் காணம்?"

"கம்ப்ரசர் போயிடுச்சிங்க."

"கரண்டே போவாத ஊருல மோட்டாரு போயிடுச்சின்றியா? வேற பொட்டி?"

"நாளைக்குத்தான் வரும். இந்த வெயிலுக்குத் தாங்காது."

கலியமூர்த்தி தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "நின்னுச்சா, நிறுத்துனியா?"

"நின்னுடுச்சிங்க."

"அந்த நாப்பது பேரு வூட்ல நீயே வந்து சொல்லு" என்றார். கோபம்கூட வரவில்லை. அவரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "எடுங்கப்பா. நாலரைக்குள்ள எடுத்துருங்க" என்றார்.

எடுத்தார்கள். பறையும் வேட்டும் ரவுண்டானா தாண்டி, பஸ் ஸ்டாண்டு தாண்டி, மெல்லத் தேய்ந்தன. அன்புக்கரசியின் அழுகை கடைசிவரை தனியாகக் கேட்டது. மூன்று நாள் அழுகை.

ஹாலில் அவன் மட்டும்.

ஸ்டீல் தட்டை டெட்டால் விட்டுக் கழுவினான். துடைத்தான். கண்ணாடியை உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்தான். வண்டியில் ஏற்ற வேண்டும். மூடியை இறக்கிக் கொக்கி போட்டான். ஜன்னல் வழியே வெயில் பெட்டிமேல் நேராக விழுந்தது. கையை வைத்துப் பார்த்தான். கண்ணாடி சுட்டது. உள்ளே குளிர் இல்லை. எதுவும் இல்லை.

அதே இடத்தில் வெள்ளை படிந்தது.

சிறுத்தது. பரவியது. அவசரமில்லாமல். தூங்குகிறவளின் மூச்சு. அந்த மூச்சை அவன் இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறான்.

மார்கழிக் காலைகளில், குவார்ட்டர்ஸ் சமையல்கட்டு ஜன்னல் பனி பூத்துக் கிடக்கும். அப்போது சுரங்கத்தில் ஒப்பந்த வேலையிலிருந்த அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ் தெரிகிறதா என்று சங்கீதா கட்டைவிரலால் சின்னதாக ஒரு வட்டம் துடைத்து, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் நடந்து வரும்போதே அந்த வட்டம் அவனுக்குத் தெரியும். அதற்குள் அவள் கண்ணும் தெரியும்.

பின்வாங்கினான். முதுகில் சுவர்.

"நான் அன்னிக்கே..." என்றான்.

மூச்சு நின்றது. வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது, சிறுக்காமல்.

பிறகு, உட்பக்கத்தில், அதன் நடுவே ஒரு புள்ளி தெளிந்தது. நிதானமாக அகன்றது. கட்டைவிரல் சுற்றுகிற மாதிரி. ஒரு சுற்று. இரண்டு.

வட்டம் ஆயிற்று.

அதில் கண் வந்து பொருந்தியது.