நீல நூல் போட்ட பஞ்சுப்பை

படாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. ரெஜினா செத்து ஒரு வருஷம். சாயங்காலம் நினைவு ஜெபம். நானும் அவளும் ஒரே தையல் கடையில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தே வயதானவர்கள்.

அவளுக்கு வந்தது மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன். செத்ததற்குச் சொன்னது ஹார்ட் அட்டாக். ஹாஸ்டலில் இருந்த மகள் சிநேகாவுக்கும் அதே கதைதான். எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்! யார் கேட்டார்கள்?

ஜாக்கெட் ஒரு பக்கம் தொங்கக் கூடாதென்று இலவம்பஞ்சு அடைத்து ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்திருந்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் நீல நூல். அவளைக் குளிப்பாட்ட அவள் புருஷன் பெஞ்சமின் என்னை மட்டும்தான் உள்ளே விட்டான். அந்தப் பையை வைத்து, கொக்கி மாட்டியது என் கைதான். அதோடுதான் புதைத்தோம்.

ஜெபம் முடிந்து எல்லாரும் போனதும் சிநேகா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"பெரிம்மா, எனக்கு மார்ல ஒரு கட்டி கீது. நாளைக்கி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். வூட்ல யாருக்னா இருந்துச்சான்னு கேப்பாங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சமின் வந்து நின்றான்.

"இல்லன்னு சொல்லு. மாப்ள பாத்துகினு கீறோம். அக்கா, நீ காப்பியக் குடி."

"டேய், பொண்ணு உசுரு பெருசா, மாப்ள பெருசா?"

கரண்ட் போனது.

ஈர மண் வாசனை வந்தது. மழை மண் இல்லை. ஆழமாகத் தோண்டிய குழியின் மண்.

உள்ளறையில் கிர்ர்... கிர்ர் என்று தையல் மிஷின் ஓடியது.

அந்த வீட்டில் மிஷினே கிடையாது.

பெஞ்சமின் செல்போன் விளக்கை அடித்தான். சிநேகாவின் தலையணையில் அந்தப் பை. நீல நூல். என் தையல். ஊறிப்போய், மண் ஒட்டி.

மெல்ல உப்பியது. தாழ்ந்தது.

மறுபடி உப்பியது.

பெஞ்சமின் அதைப் பிடுங்கி, கொல்லை அடுப்பில் திணித்தான். பஞ்சு கருகும் நாற்றத்தோடு உள்ளே திரும்பினோம்.

தலையணையில் இப்போது இரண்டு பைகள் இருந்தன.

இரண்டாவது புதுசு. மண் ஒட்டவில்லை. கொஞ்சம் சின்னது. அதற்கும் நீல நூல்.

"பெரிம்மா... இது யாருக்கு?" சிநேகா சின்னதைக் காட்டினாள்.

"உங்கம்மாவுக்கு கேன்சர்டி. ஒரு பக்கத்த எடுத்தாங்க. நாளைக்கி அத்த அப்டியே டாக்டருகிட்ட சொல்லு."

பெஞ்சமின் சுவரோடு ஒட்டி நின்றான்.

மறுநாள் டாக்டர் கேட்டார். சிநேகா சொன்னாள். சீக்கிரம் வந்ததும் சொன்னதும் நல்லது என்று அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னப் பையைக் காணோம். பெரியது மட்டும் அசையாமல் கிடந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஜெபத்துக்கு வர முடியாமல்போன வெளியூர்ச் சொந்தக்காரர் ஏசுபாதம் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"நல்லாதானே இருந்துச்சு தங்கச்சி. இன்னாதான்யா ஆச்சு அதுக்கு?"

பெஞ்சமின் என்னைப் பார்த்தான். சிநேகாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹார்ட் அட்டாக்கு, அண்ணாத்த."

உள்ளறையில் மிஷின் ஓட ஆரம்பித்தது.