எமில்டாவைக் காணவில்லை

போன் அலறியது.

திரையில் 'அருள்நாயகம், மார்க்கம்' என்ற பெயர். யோகராணி அடுப்பை அணைத்தாள்.

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் சமைத்து, வேனில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள். அன்று காலை பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து திரும்பியபோது, வெறும் சட்டிகளோடு ஒரு பெண்ணும் வேனில் வந்திருந்தாள்.

எமில்டா... அருள்நாயகத்தின் வீட்டு வேலைக்காரி. மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த நாள் முதல் வாசல் தாண்ட விடப்படாதவள். "என்னையும் ஏத்துங்கோ அன்ரி" என்று கராஜ் வாசலில் நின்று அழுதவள். இப்போது சமையலறையில், இடியப்பத்தை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஹலோ... சொல்லுங்கோ அண்ணை."

"யோகராணி, எங்கட எமில்டா ஓடிட்டாள். உங்கட பக்கம் வந்தவளே?"

"இஞ்சையோ...? அவ என்னத்துக்கு இஞ்ச வாறா?"

"ஆரோ கடத்திப்போட்டினம். பொலிசுக்குச் சொல்லியிருக்கிறன். ஒளிச்சு வச்சிருக்கிறவைக்கும் ஜெயில்தான்."

போன் அடங்கியது.

"நான் திரும்பிப் போறன் அன்ரி. உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றாள் எமில்டா.

"பேசாமச் சாப்பிடு. நான்தான் ஏத்தினனான் எண்டு நேர போய்ச் சொல்லிட்டு வாறன்."

வேன் சாவியை எடுத்தாள். 

மார்க்கத்தில் அருள்நாயகத்தின் வீடு.

வரவேற்பறையில் பொலிஸ்காரன் அன்ட்ரூ. இங்கே பிறந்த தமிழ் இளைஞன். யோகராணி வாய் திறப்பதற்குள் அருள்நாயகம் முந்திக்கொண்டார்.

"அவள் தூரம் போகேலாது தம்பி. பாஸ்போட் என்ர பெட்டகத்துக்குள்ள. வந்த அண்டைக்கே வாங்கி வச்சிட்டன்."

"ஏன் அங்கிள்?"

"கையில இருந்தா ஓடிடுவாளே."

"ஓகே... ஒருக்கா காட்டுவீங்களோ?"

பெருமையோடு எடுத்து வந்து நீட்டினார். அன்ட்ரூ எழுந்தான்.

"அங்கிள், ஓடினது குற்றம் இல்லை. ஓட உதவி செய்தாலும் குற்றம் இல்லை. ஆளை அடைச்சு வச்சு வேலை வாங்க, பாஸ்போட்டைப் பறிச்சு வைக்கிறதுதான் இஞ்ச கிரைம். கையை நீட்டுங்கோ."

க்ளிக்.

யோகராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நான்தான் ஏத்திக்கொண்டு போனனான்" என்றாள்.

"தாங்ஸ் அன்ரி" என்றான் அன்ட்ரூ.

அருள்நாயகம் சீறினார். "நான் பூட்டின கராஜ் கதவை நீர் எப்பிடித் திறந்தனீர்?"

யோகராணி விழித்தாள். அவள் எந்தக் கதவையும் தொடவில்லையே...

"நான் திறந்து விட்டனான்."

எல்லோரும் திரும்பினார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்றாள் ரோகிணி... அருள்நாயகத்தின் மனைவி.

"நீயோ...? அப்ப இனி எனக்கு ஆர் சமைக்கிறது?"

"போற இடத்தில நேரத்துக்குத் தருவினம்" என்றாள் ரோகிணி. "ஒண்டு மட்டும் சொல்லுறன்... அங்க பூட்டுற கதவை நான் திறக்க மாட்டன்."