கடைசி ஆள் கதவை மூடணும்

சிட்டுவின் சைக்கிளில் மூன்று கியர். அண்ணனின் சைக்கிளில் இருபத்தொன்று.

"அதான் நீ நத்தை, நான் புயல்" என்று அண்ணன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தான்.

சிட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போன வருஷம் வரை அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வந்தவள் அவள். சொந்த சைக்கிளில் இதுதான் முதல் பயணம். இன்று மாலைக்குள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதுவும் தானே மிதித்து!

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைக் குன்றுகள். அவற்றின் மேல் ஏறி இறங்கி, வளைந்து நெளிந்து போனது பாதை. கார், லாரி, பைக் எதற்கும் அங்கே அனுமதி இல்லை.

எல்லோரையும்விட அப்பாவுக்குத்தான் ஏக சந்தோஷம். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

"ஆஹா! ஒரு ஹாரன் சத்தம் இல்ல, ஒரு சிக்னல் இல்ல. 'சார், ஸ்டாப் வந்தா சொல்லுங்க'ன்னு உயிரை வாங்க ஒரு ஆள் இல்ல!"

பாதை மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே போனது. அதனால் ஆங்காங்கே மரக்கதவுகள். முதலில் போகிற அண்ணன் திறப்பான். கடைசியில் வருகிற ஆள் மூடிவிட்டு வர வேண்டும். இது அம்மா போட்ட சட்டம். கடைசியில் வருவது எப்போதும் சிட்டுதான். எனவே மூடுவதும் அவள்தான்.

பெரிய மேய்ச்சல் நிலம் ஒன்று வந்தது. அதன் கதவில் ஒரு பலகை தொங்கியது. அம்மா அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'கதவை மூடவும். இனி ஒரு தடவை திறந்து கிடந்தால் இந்தப் பாதையில் சைக்கிளுக்கு இடமில்லை. இப்படிக்கு, ஆட்டுக்காரம்மா.' அம்மாடி, ரொம்பக் கோபமா இருக்காங்க போல! ஏரி வரைக்கும் இவங்க நிலம்தானாம்."

"பாதையை அடைச்சுட்டா நாம எப்படிம்மா போறது?" என்றாள் சிட்டு.

"பெரிய ரோட்டுலதான் போகணும். லாரி ஓடுற ரோட்டுல உன்னை விடமாட்டேன். நீயும் உன் சைக்கிளும் பஸ்ல ஏற வேண்டியதுதான்."

பஸ்ஸில் போக சிட்டுவுக்கு மனசே இல்லை. அவள் அந்தக் கதவை மூடி, கொக்கி மாட்டி, ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

உள்ளே செம்மறி ஆடுகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் சர்ரென்று போனான். ஆடுகள் சிதறி ஓடின. சிட்டு மெதுவாக வந்தாள். கறுப்பு மூஞ்சியுள்ள ஓர் ஆடு வழியில் நின்றது. கிணிங், கிணிங் என்று மணியடித்தாள். அது விலகவில்லை. நேராக அவளிடம் வந்து, சைக்கிளை ஒட்டியே நடந்தது.

"அம்மா! மணியடிச்சா விலகணும். இது கிட்ட வருது!"

"உன் வேகத்துக்குப் போற ஆள் ஒண்ணாவது கிடைச்சுதே!" என்று அண்ணன் தூரத்திலிருந்து கத்தினான்.

நிலம் முடியும் இடத்தில் இன்னொரு கதவு. அதைத் தாண்டியதும் நீளமான இறக்கம். அண்ணனும் அம்மாவும் போய்விட்டார்கள். அப்பா மட்டும் கதவருகே நின்றார்.

"நீ முன்னாடி போம்மா. இவ்வளவு பெரிய இறக்கம் நீ இறங்கினது இல்ல. நான் பின்னாலயே வர்றேன். பிரேக்கை மெதுவாப் பிடி."

சிட்டு இறங்கினாள். காற்று காதில் வீசியது. சந்தோஷம் தாங்காமல் "ஓஹோஓஓ!" என்று கத்தினாள். பின்னால் அப்பாவும் "ஓஹோஓஓ!" என்றார்.

கீழே ஒரு பெரிய மரத்தடியில் நால்வரும் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். அண்ணன் வாயருகே கொண்டுபோன துண்டை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள்.

கறுப்பு மூஞ்சி!

நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். இறக்கம் முழுக்க ஆடுகள். மேலே கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"சிட்டு, கதவை மூடலையா?" என்றாள் அம்மா.

"நான் கடைசியா வரலையேம்மா! அப்பாதான் கடைசி."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையைச் சொறிந்தார்.

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன். பின்னாடி கதவை மூடுறது கண்டக்டர் வேலை. எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே!"

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்காரம்மா பார்த்துவிட்டால் பாதை போச்சு. ஏரி போச்சு. அவள் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"நான் விரட்டுறேன்!" என்று அண்ணன் சைக்கிளில் பாய்ந்தான். ஆடுகள் திசைக்கொன்றாகத் தெறித்தன. அம்மா இரண்டு கைகளையும் விரித்து ஓடினாள். ஆடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அப்பா தொண்டை கிழியக் கத்தினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல இடம் இருக்குல்ல? படியில நிக்காதீங்க!"

ஒரு ஆடுகூட நகரவில்லை.

சிட்டு கறுப்பு மூஞ்சியைப் பார்த்தாள். அண்ணன் வேகமாக வந்தபோது ஓடியவை இவை. மணியடித்தபோது கறுப்பு மூஞ்சி கிட்டத்தான் வந்தது. அப்படியென்றால்...

"எல்லாரும் சும்மா இருங்க" என்றாள்.

சைக்கிளை மேட்டுப் பக்கம் திருப்பினாள். கிணிங், கிணிங். கறுப்பு மூஞ்சி காதை விறைத்தது. இரண்டு எட்டு வைத்தது. பின்னால் இன்னொன்று வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

ஏற்றத்தில் சிட்டு ஒருநாளும் இறங்காமல் ஓட்டியதில்லை. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாள். இன்று இறங்கித் தள்ளினால் இரண்டு கையும் அதற்கே சரியாகிவிடும், மணி நின்றுவிடும். ஆடுகள் மறுபடி மேயப் போய்விடும்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். தொடை வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கிணிங். ஒரு மிதி. கிணிங். இன்னொரு மிதி.

"விடாதடி! பாதி தாண்டிட்ட!" என்று கீழேயிருந்து கத்தியது யார் தெரியுமா? அண்ணன்தான்!

மேலே வந்தபோது கதவருகே உயரமான ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் பக்கத்தில் தீவனம் நிறைந்த தள்ளுவண்டி. அதன் கைப்பிடியில் ஒரு மணி.

"எந்தப் புத்திசாலி கதவைத் திறந்து போட்டது?" என்று ஆரம்பித்தவள், ஒதுங்கி வழி விட்டாள்.

சிட்டு ஆடி அசைந்து கதவுக்குள் நுழைந்தாள். அவள் பின்னால் ஆடுகள் வரிசையாக நுழைந்தன.

அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். "நான்தாங்க மூடாம விட்டேன். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு பாதையை அடைச்சிடாதீங்க. இவளுக்கு இது முதல் பயணம்."

ஆட்டுக்காரம்மா சிட்டுவைப் பார்த்தாள். "தீவனம் போட நான் மணியடிப்பேன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அதுதான் காட்டிக் கொடுத்துச்சு" என்று கறுப்பு மூஞ்சியைக் காட்டினாள் சிட்டு.

ஆட்டுக்காரம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. "வேகமாப் போனா இதுங்க மிரளும். நீ நல்லா மெதுவா ஓட்டுற. போய்ட்டு வாங்க. திரும்பும்போதும் இப்படியே வாங்க. ஆனா கதவு?"

"கடைசி ஆள் மூடணும்" என்றாள் சிட்டு.

சிட்டு வெளியே வந்ததும் அப்பா கதவை மூடினார். கொக்கி மாட்டினார். இழுத்தும் பார்த்தார்.

"போலாம், ரைட்!"

"அப்பா, கொஞ்சம் திறங்க" என்றாள் சிட்டு. "கறுப்பு மூஞ்சி நம்ம பக்கம் நிக்குது."

அதையும் உள்ளே அனுப்பியபின் சிட்டு முதல் ஆளாக இறக்கத்தில் இறங்கினாள். கீழே சைக்கிளோடு காத்திருந்த அண்ணனும் முந்தவில்லை. கிணிங், கிணிங் என்று அவள் மணியடிக்க, அம்மாவும் அண்ணனும் அப்பாவும் ஏரி வரைக்கும் சமர்த்தாக அவள் பின்னாலேயே வந்தார்கள்.