மைனாவின் மூச்சு

டெல்லியில், ஜனக்புரி மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் பதினைந்து நிமிடம் போனால், ராணுவக் கன்டோன்மென்ட் சுவரை ஒட்டி அந்தப் பழைய வீடு. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, செல்வியும் ஜெகனும் பத்து மாதக் குழந்தை மதுவோடு அங்கே குடிவந்தார்கள். பத்து மணி என்று கடிகாரம்தான் சொன்னது. பனிமூட்டத்தில் விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

வீட்டுக்காரர் வெங்கட்ராமன் மாடியில் தனியாக இருந்தார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம்; பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. இவர்களுக்குக் கொடுத்தது கீழ்ப்பகுதி, இரண்டு அறை. செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிப் பாவிய தரை நடுவிலிருந்த சிறு வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தது. சுவரில் நெஞ்சுயரத்தில் ஓர் இரும்பு வளையம். ஜெகன் அதில் துண்டை மாட்டப் போனபோது, அதில் மட்டும் எதையும் மாட்ட வேண்டாம் என்றார் வெங்கட்ராமன். பிறகு மதுவைப் பார்த்து, குழந்தை நன்றாக அழுமா என்று கேட்டார்.

"தெருவையே எழுப்பிடுவா அங்கிள்," என்று ஜெகன் சிரித்தான். "இப்பவே சொல்லிட்டோம். அப்புறம் காலி பண்ணச் சொல்லக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. "அழட்டும். சத்தமா அழட்டும். அடக்காதீங்கம்மா."

செல்வி எதையும் எழுதிவைப்பவள். குழந்தைக்காக வங்கி வேலைக்கு விடுப்புப் போட்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் மதுவுக்கென்று ஓர் அட்டவணை ஒட்டியிருந்தாள்: பால், தூக்கம், மருந்து, அழுகை. எழுதிய பிறகும், சரியாகத்தான் எழுதினோமா என்று ஒருமுறை சந்தேகப்படுவாள். அதனால் புதன்கிழமை மாலை ஆறு பத்துக்குக் கேட்ட சத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குளியலறை வெந்நீர்க் கெய்சராக இருக்கும்.

மறுநாளும் அதே நேரத்தில் கேட்டது. கெய்சர் அணைந்திருந்தது.

அது மூச்சு. வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்த முயன்று, குரல் வராமல் காற்று மட்டும் வெளியேறுகிற மூச்சு. இழுக்கும்போது ஒரு கரகரப்பு. விடும்போது ஒரு நடுக்கம். வளையம் இருந்த சுவர்ப் பக்கமிருந்து வந்தது. கூடவே நனைந்த ரோம வாடையும், வேகவைத்த கொள்ளின் வாடையும்.

வெள்ளிக்கிழமை ஜெகன் பத்து நாள் பயிற்சிக்காகப் புனே போய்விட்டான். அவள் போனில் சொன்னபோது, உனக்குத் தூக்கம் போதவில்லை என்றான். இருக்கலாம் என்று அவளும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மது கட்டில் காலில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வாய் பிளந்தது. முகம் சிவந்தது. கண்ணீர் வழிந்தது.

சத்தம் வரவில்லை.

காற்று மட்டும் வந்தது. அதே கரகரப்பு. அதே நடுக்கம்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். குளிர் பிடித்திருக்கும், ஐந்து நாள் கழித்துக் கொண்டு வாருங்கள் என்றார். அட்டவணையில் பாலும் தூக்கமும் ஒழுங்காக நிரம்பின. அழுகைக் கட்டம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வெறுமையாகக் கிடந்தது. மது சிரிக்கும்போதும் சத்தமில்லை. செல்வி அவள் நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்டாள்.

வியாழன் மாலை ஐந்தரைக்கு, தரையில் விரித்த மெத்தையில் குழந்தை தூங்கிய பிறகு, பின்கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். குழந்தையின் குரல் போனதைச் சொல்லி, கீழே என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டாள்.

வெங்கட்ராமன் தன் முழங்காலைத் தடவினார். பிறகு சொன்னார். அவருடைய அப்பா சுப்பு பர்மா யுத்தத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர். அவருடைய கழுதை ஓயாமல் கத்தும் என்பதால் அதற்கு மைனா என்று பெயர் வைத்திருந்தார். காட்டுக்குள் எதிரிக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று எல்லாக் கழுதைகளின் குரல்நாணையும் அறுத்துவிட உத்தரவு வந்தது. யாருடைய கழுதையோ அவனே தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழகிய கைக்குத்தான் அது அடங்கும்.

"எங்கப்பாதான் பிடிச்சாரு. மயக்கம் தெளிஞ்சதும் அது அவர் மூஞ்சியப் பாத்து வாயைத் தொறந்துச்சாம். காத்துதான் வந்துச்சாம்."

அதன்பின் இருவருக்குமிடையே வேறொரு பேச்சு உண்டானது. அவர் அதன் கழுத்தில் இரண்டு முறை தட்டுவார். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அது குளம்பால் தரையில் இரண்டு முறை அடிக்கும். ஒரு மழைநாள் மாலையில் மைனா சுமையோடு பள்ளத்தில் சரிந்தது. எதிரி பக்கத்தில் இருந்ததால் சுப்புவால் கூப்பிட முடியவில்லை. அதற்குக் கத்தக் குரல் இல்லை. இருட்டில் நாலாபுறமும் தேடினார். விடிந்தபோது நாற்பதடி தூரத்தில் கிடந்தது, வாயைத் திறந்தபடி. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

யுத்தம் முடிந்து டெல்லிக்கு வந்தவர் தேடிப்பிடித்து வாங்கியது இந்த இடத்தை; அப்போது இது ஒரு பழைய குதிரை லாயம். தினமும் மாலை ஆறு மணிக்கு வளையத்துக்குப் பக்கத்தில் சுவரை இரண்டு முறை தட்டுவார். அவருக்குப் பிறகு மகன் தட்டினார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் அவரால் தினமும் படியிறங்க முடியவில்லை. போன மாதம் முழுக்கத் தட்டவில்லை. கீழேயிருந்து மூச்சு மாடி வரைக்கும் வரத் தொடங்கியது.

"தெரிஞ்சேதான் எங்களை வெச்சீங்களா?"

"குரல் உள்ள ஒரு ஜீவன் அங்க இருந்தா அது அடங்கும்னு நினைச்சேன்மா." அவர் தலை நிமிரவில்லை. "அந்தக் குரலையே எடுத்துக்கும்னு நினைக்கல."

செல்வி படியிறங்கினாள். மணி ஐந்து ஐம்பத்தைந்து.

மெத்தை காலியாக இருந்தது.

பின்கதவு திறந்திருந்தது. தாழ் போட்டோமா? போட்டோம். போட்டதாகத்தான் நினைவு.

வெளியே பனி சுவர் போல நின்றது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கொல்லைக்கு அப்பால் மதில் இடிந்த இடத்தில் நாலா, மழைநீர் ஓடும் ஆழமான வாய்க்கால், குளிர்காலத்தில் வறண்டு கிடக்கும். "மது," என்று கூப்பிட்டாள். மது, மது என்று கூப்பிட்டுக்கொண்டே தரையைத் தடவினாள். அவள் குரல் பனிக்குள் போய் அமுங்கியது. குழந்தை எங்கேயோ வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கும். பக்கத்திலேயே இருக்கலாம். நாற்பதடியில் இருக்கலாம்.

தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. சுப்பு நின்ற இடத்தில்.

பின்னால் துழாவி வீட்டுச் சுவரைத் தொட்டாள்.

இரண்டு முறை தட்டினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, இடது பக்கம், கீழே, கல்லின் மேல் குளம்பு.

டக். டக்.

அவள் நடந்தாள். மதில் கற்களில் முழங்கால் இடித்தது. சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். வாடை நெருங்கியது. இடது தோளுக்கு மேல் வெந்நீர் ஆவி போல் ஒரு சூடு விட்டுவிட்டு வந்தது. ஈரமான ஏதோ ஒன்று அவள் காதை உரசியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் எது தெரியும் என்று அவளுக்குத் தெரியும்: திறந்த வாய்.

கை ஒரு கம்பளிச் சட்டையில் பட்டது. மது. உடம்பெல்லாம் மண், வாய் பிளந்து, கண்ணீரோடு, சத்தமில்லாமல்.

அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் அந்த மூச்சு இன்னும் காத்திருந்தது. தோளைத் தொட்டுக்கொண்டு நின்ற அந்தச் சூட்டின் பக்கம், பார்க்காமலே, கையை நீட்டினாள். சொரசொரப்பான ரோமம். அடியில் நாடி துடித்தது.

"இங்கதான் இருக்கேன்," என்று இரண்டு முறை தட்டினாள்.

மது வீறிட்டு அழுதாள்.

ஜெகன் மறுநாளே புனேயிலிருந்து திரும்பினான். அந்த வாரக் கடைசியில் ஜனக்புரியில் ஒரு நான்காவது மாடி ஃப்ளாட்டுக்கு மாறினார்கள். அட்டவணை மறுபடி நிரம்பியது. அழுகை, பதினொன்று இருபது. அழுகை, மூன்று ஐந்து. ஒவ்வொன்றையும் எழுதும்போது செல்விக்குக் கண் கலங்கும். ஜனவரியில் வங்கிக்குத் திரும்பினாள். பகலில் குழந்தையை வீட்டிலிருந்து வேலைபார்க்கும் ஜெகன் கவனித்துக்கொண்டான். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

நேற்று மெட்ரோ பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு.

கதவைத் திறந்த ஜெகனின் முகம் வெளுத்திருந்தது. "ஆறு மணிலருந்து இப்படித்தான் இருக்கா செல்வி. நீ ஜல்தி வந்து பாரு."

மது கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கண்ணீர் வழிந்தது. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

தினமும் ஆறு மணிக்குச் சரியாக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது சுவரில் கையை ஊன்றி, ஏதோ பழக்கம் போல இரண்டு முறை தட்டிவந்தது செல்விக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதிவைக்கவில்லை.

கைப்பை கீழே விழுந்தது. சுவரை இரண்டு முறை தட்டினாள்.

அது வெளிச்சுவர். அதற்கு அப்பால் நான்கு மாடி உயரத்துக்குப் பனி மட்டுமே இருந்தது.

டக். டக்.

மது சத்தமாக அழத் தொடங்கினாள்.