முதுகுக்குப் பின்னால் சுவர்

பழைய மருத்துவமனையின் வார்டு ஒன்றுக்கு வெள்ளையடித்து மெடிக்கல் கோடிங் ஆபீஸாக மாற்றியிருந்தார்கள். கட்டில்கள் போய்விட்டன. மருந்து வாடை மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருந்தது. புது இடத்தில் முதல் நாள் காலை வந்தவர்களில் வாயாடிக்கு மூலை இடம் வாய்த்தது. அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். இனி பின்னால் நின்று யாரும் திரையை எட்டிப் பார்க்க முடியாது என்று அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நோயாளியின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய கோட் எண் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவது வேலை. அன்று வந்தது ஒரு பெண்ணின் தண்டுவடப் புற்றுநோய். ‘அறுவைச் சிகிச்சையில் கட்டி அகற்றப்பட்டது’ என்ற வரி கண்ணில் பட்டதுமே, ‘முன்பு இருந்தது, இப்போது இல்லை’ என்பதற்கான கோட் எண்ணைத் தட்டினான். கடைசிப் பக்கம்வரை படிக்கிற பழக்கம் இருந்திருந்தால் தான் டாக்டராகவே ஆகியிருக்கலாம் என்பது அவனுடைய நெடுநாள் சமாதானம்.

முதுகில் ஒரு விரல் பட்டது.

பிடரிக்குக் கீழே தொடங்கி, எலும்பு எலும்பாக, எண்ணுவதுபோல இறங்கியது. நடுமுதுகில் நின்று அழுத்தியது.

திரும்பினான். சுவர்.

“டேய் தூங்குமூஞ்சி, உன் வேலைதானே?” என்றான் எதிர் மேசைக்காரனிடம்.

“இங்கேர்ந்து எட்டுறதுக்கு என் கை என்ன ரப்பரா?”

தூங்குமூஞ்சி இவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் சொன்னதே சந்தேகமாக இருந்தது. அவன் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாயாடி அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனான்.

மறுபடியும் விரல். அதே இடம்.

தூங்குமூஞ்சியின் இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருந்தன.

மருந்து வாடை திடீரென்று கனத்தது. எங்கோ கட்டில் சக்கரம் கிறீச்சிட்டது.

அங்கே கட்டிலே இல்லை.

போட்ட கோட் சரிதானா என்று பார்க்கும் ஆடிட் அக்கா அந்தப் பக்கம் வந்தார். “என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“அக்கா… இந்த மூலையில முன்னாடி யாரு இருந்தா?”

அக்கா குரலைத் தாழ்த்தினார். “இது ஆஸ்பத்திரியா இருந்தப்போ நான் இங்க ரெக்கார்ட் ரூம்ல வேலை. இந்த மூலையில ஒரு அம்மா படுத்திருந்தாங்க. தண்டுவடத்துல கேன்சர். ‘இப்போ நோய் இல்லை’ன்னு யாரோ தப்பா கோட் போட்டு அனுப்பிட்டாங்க, சிகிச்சை நின்னு போச்சு. ‘இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு’ன்னு அந்தம்மா முனகிட்டே இருந்தாங்க.”

“அப்புறம்?”

அக்கா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

வாயாடி கடைசிப் பக்கத்தைத் திறந்தான். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. மிச்சம் தண்டுவடத்தில் ஒட்டியிருந்தது. கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் கீழே எழுதியிருந்தார்: ‘நோயாளியின் ஆசை: மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும்.’

அவன் முதலில் போட்ட கோட் போயிருந்தால், “நோய்தான் இல்லையே, கதிர்வீச்சு எதற்கு?” என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்திருப்பார்கள். ஒரு தாயின் கால்கள் போயிருக்கும், அவன் சோம்பலால். அவனுக்குக் கண் கலங்கியது. திரை வெளிச்சம் என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டு, ‘இப்போதும் இருக்கிறது’ என்ற கோட் போட்டு அனுப்பினான்.

விரல் விலகியது.

அக்கா சரிபார்த்துத் தலையசைத்தார். “கரெக்டா போட்டிருக்க. முதுகைத் தடவிட்டே இருந்தியே, வலி போயிடுச்சா?”

பேச்சு திரும்பிவிட்டது வாயாடிக்கு. சிரித்தபடி நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

“அதெல்லாம் பழைய கதைக்கா. இப்ப ஒண்ணும் இல்ல.”

சட்டைக்குள்ளே, பிடரிக்குக் கீழே, ஒரு குளிர்ந்த விரல் முதல் எலும்பைத் தொட்டது.